நேற்று வராத விருந்தாளியும் இன்று திரிந்த கறியும்

ஃபிரிட்ஜிலிருந்து பாத்திரத்தை எடுத்து மூடியைத் திறந்தான் மூத்தவன். கரண்டியை நட்டு வைத்தால் நிற்கும் போலிருந்தது. நேற்றைய கறி அவ்வளவு இறுகிக் கிடந்தது.

நேற்று மாலை அந்த வீட்டில் நடந்த அமளியை இவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்திருக்க முடியாது. அம்மா இறந்துபோன இந்த எட்டு வருடத்தில் வெந்நீருக்கு மேல் எதையும் அடுப்பில் ஏற்றாத அப்பா, நேற்று முந்திரியை ஊறவைத்து அரைத்தார். காளானைக் கழுவித் துடைத்து வதக்கினார். அரை லிட்டர் கிரீமை நூல் பிடித்தாற்போல் ஊற்றினார். எல்லாம் அவர் டிரைவராக இருக்கும் பஸ் பணிமனைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாளுக்காக. மூன்று மாதம் அவரோடு டீ குடித்துவிட்டு, போன வாரம்தான் அப்பா தைரியம் வந்து, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

"உங்க வீட்டுல சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

சாப்பிட வரவில்லை. ஆறரைக்கு வருவதாகச் சொன்னவர் ஏழு மணிக்குப் போன் செய்து, "கடையில ஸ்டாக் பிரச்சினை. இன்னிக்கு முடியாது, மன்னிச்சிடுங்க" என்று வைத்துவிட்டார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி மடித்தார். "யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிக் கறியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தார். பிறகு அவரும் பிள்ளைகள் இருவரும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றார்கள்.

இன்று காலை ஒன்பதரைக்கு, இரண்டு பஸ் நடைக்கு நடுவே கிடைத்த ஐந்து நிமிடத்தில், அப்பா போன் செய்தார். மூத்தவனுக்கு வார விடுமுறை.

"டேய், அவங்க மத்தியானம் வராங்களாம்! ஒரு மணிக்கு நானே கூட்டிட்டு வந்துடறேன். அந்தக் கறியச் சூடு மட்டும் பண்ணி வை."

"சரிப்பா."

"சூடு மட்டும்டா. கொதிச்சா காரியம் கெட்டுச்சு. சின்னத் தீயில வச்சு, கொஞ்சமாத் தண்ணி தெளிச்சு, பக்கத்துலயே நின்னு கிளறிக்கிட்டே..." பின்னால் நடத்துநர் விசில் ஊதுவது கேட்டது. "வண்டி எடுக்கணும். வச்சிடறேன்."

மூத்தவனுக்கு முப்பது வயது. லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று கிரீஸ் போடுகிறவன். ஒரு கறியைச் சூடு பண்ண இவ்வளவு பாடமா என்று நினைத்துக்கொண்டான்.

உண்மையில் அவனுக்கு எரிச்சல் கறியின் மேல் இல்லை. எட்டு வருடமாக அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தவன் அவன். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தவன் அவன். டி.வி.யில் பழைய பந்தாட்டம் பார்த்தபடி, அப்பாவோடு ஒரே தட்டில் வறுத்த கடலை தின்றவன் அவன். இத்தனை செய்தும் அப்பாவுக்கு அவன் போதவில்லையா? இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் முப்பது வயது ஆண்பிள்ளை மூன்று வயதுக் குழந்தை மாதிரி ஆகிவிடுவான்.

பதினொன்றே காலுக்குப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினான். அடுப்புத் திருகைச் சிறு தீக்குக் கொண்டுபோன கை, ஒரு கணம் நின்றது. பிறகு முழுத் தீக்குத் திருப்பியது. சீக்கிரம் முடியட்டும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பழக்கமான அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி.

"தம்பி, லிஃப்ட்டு ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல நின்னுபோச்சு! உள்ள ஒரு சார் இருக்காரு, அவரோட நாயும் இருக்கு!"

"எனக்கு இன்னிக்கு லீவுண்ணே. டியூட்டியில இருக்கறவங்களுக்குப் போன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன். வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆகுமாம். அதுக்குள்ள மூணாவது மாடிக்காரர் கடப்பாரையோட வந்துட்டாரு."

"ஐயையோ! கதவை யாரும் நெம்பக் கூடாது! முதல்ல அந்தக் கடப்பாரைய வாங்கிக் கீழ வைங்க!" அவன் கூடத்துக்கு வந்துவிட்டான். "மேல மெஷின் ரூம்ல மெயின் சுவிட்சை அணைச்சிடுங்க. உள்ள இருக்கறவரக் கதவைவிட்டுத் தள்ளி உட்காரச் சொல்லுங்க. காத்து வரும், பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. இல்ல, போனைக் கதவுகிட்ட வைங்க, நானே சொல்றேன்."

வைத்தார். உள்ளே இருந்தவர் தைரியமாகத்தான் இருந்தார். நாய்தான் ஒப்பாரி வைத்தது. மூத்தவன் அந்த மனிதரிடம் நாயின் வயது, அதன் சாப்பாடு, அதன் குறும்பு எல்லாம் விசாரித்துப் பேச்சுக் கொடுத்தபடியே இருந்தான். டியூட்டி ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று காவலாளி சொன்னபோதுதான் மூச்சு விட்டான்.

மூச்சை இழுத்தபோது வாசனை வந்தது.

ஓடிப்போய் மூடியைத் தூக்கினான். மேலே ஒரு விரல்கடை உயரத்துக்கு மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகக் குருணை. அந்தக் குருணைக்கு நடுவே காளான் துண்டுகள் குமிழியோடு எழுந்து எழுந்து விழுந்தன. அடியில் கரண்டியை விட்டால் கரகரவென்று பிடித்துக்கொண்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைக் கேட்டிருக்கிறான். தாழியை உடைத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

"என்ன நாத்தம் இது? தெருமுனை வரைக்கும் வருது!"

செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தவள் தங்கை. இரண்டு தெரு தள்ளி அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலை. வாயைத் திறந்தால் வெடிதான் என்பதால் வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். இன்றைய விருந்துக்காகவே அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

பாத்திரத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அடுப்புத் திருகு இருக்கும் நிலையைப் பார்த்தாள். கையை நீட்டி அதை அணைத்தாள்.

"ஃபுல்ல வச்சிருக்கே."

"போன் வந்துச்சு. லிஃப்ட்டு நின்னுபோச்சு."

"போன் வந்ததால மறந்தே, சரி. ஃபுல்ல வச்சது போனா?" பட்டாசு இன்று வெடிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது. "வேணும்னே பண்ணியாண்ணா?"

"சீ! அப்படியெல்லாம் இல்ல."

"அவங்க வர்றது உனக்குப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும். அதுக்காக அப்பா முதல்முதலாச் செஞ்சதை..."

"இல்லன்னு சொல்றேன்ல!"

சொன்னான். ஆனால் திருகில் நின்ற அந்த ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அப்பா சொன்னது அப்போது காதில் ஒலிக்காமல் இல்லை. ஒலித்தும் கை திரும்பியது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவனுக்கே தெரியவில்லை.

"மணி என்ன?" என்றாள் தங்கை.

"பன்னெண்டு ஆகப் போகுது."

"அப்போ அழறதுக்கு நேரமில்ல. அந்தச் சின்னப் பாத்திரத்தை எடு. மேலாப்புல மட்டும் ஊத்து. அடியைச் சுரண்டினே, கையை ஒடிச்சிடுவேன்."

அவன் ஊற்றினான். தீய்ந்த அடி பழைய பாத்திரத்திலேயே தங்கியது. மிதந்த எண்ணெயை அவள் கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கி எடுத்தாள். டப்பாவில் மீதியிருந்த முந்திரியை வெந்நீரில் போட்டு, ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காமல் மிக்ஸியில் அடித்தாள். ஃபிரிட்ஜின் கதவு ஓரத்தில் அரைக் கிண்ணம் கிரீம் பிழைத்துக் கிடந்தது. இரண்டையும் ஒரு கிண்ணத்தில் கலந்தாள்.

"அப்படியே கொட்டிடவா?" என்றான்.

"கொட்டினா இதுவும் திரியும். கறியில இருந்து ஒரு கரண்டி எடுத்து இதுல விடு. கலக்கு. இன்னொரு கரண்டி. கலக்கு. சூட்டுக்கு இது பழகணும். பழகினதுக்கு அப்புறம்தான் அதுக்குள்ள ஊத்தணும். தலைக்குச் சாயம் கலக்கறப்போ நாங்க இப்படித்தான் பண்ணுவோம்."

"சாயமும் கறியும் ஒண்ணா?"

"ரெண்டும் கட்டி தட்டினா வாடிக்கையாளர் முகத்துலதான் தெரியும். கலக்கு, பேசாதே."

கலக்கினான். அடுப்பில் தீ இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறிய தீ. கொஞ்சம் கொஞ்சமாகக் குருணை கரைந்தது. வெள்ளையும் மஞ்சளும் ஒன்றையொன்று மன்னித்துச் சந்தன நிறமாயின. முழுதாக மறைந்தது என்று சொல்ல முடியாது. உற்றுப் பார்த்தால் ஊருக்கே தெரியும். உற்றுப் பார்க்காமல் இருந்தால் தப்பித்தார்கள்.

அப்போது அழைப்புமணி அடித்தது. மணி பன்னிரண்டு இருபது.

வாசலில் மருந்துக்கடை அம்மாள், தனியாக. ஐம்பத்தாறு வயது. குட்டை முடி, மூக்குக்கண்ணாடி, தோளில் கனமான கைப்பை.

"ஒரு மணிக்கு உங்கப்பாகூட வர்றதாத்தான் பேச்சு. எனக்குக் கொஞ்சம் முன்னாடியே வரணும்னு தோணிச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

"வாங்க ஆன்ட்டி, உள்ள வாங்க!" என்றாள் தங்கை. மூத்தவன் "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அவரை எந்த முறை சொல்லியும் அவன் இதுவரை அழைத்ததில்லை.

"குடிக்கத் தண்ணி கிடைக்குமாம்மா?"

தங்கை டம்ளரைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினாள். மூத்தவன் கூடத்து மூலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வதைப் பார்த்தான். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை. இரண்டு மாத்திரை. ஒரே மடக்கு. அட்டை அவசர அவசரமாகப் பைக்குள் திரும்பிப் போயிற்று.

நாற்காலியைப் பாதியில் விட்டான். இதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாத்திரை போட்ட இன்னொருவரை இந்தக் கூடத்தில் பார்த்திருக்கிறான்.

"உடம்புக்கு என்னங்க?" என்றான்.

அவர் திடுக்கிட்டார். "ஒண்ணுமில்லையே தம்பி."

"எங்கம்மாவும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க." குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "ரெண்டு வருஷம் எங்கப்பா ராத்திரி டியூட்டி பகல் டியூட்டின்னு மாத்தி மாத்திப் போட்டு அவங்களப் பாத்துக்கிட்டாரு. அதுல ஒண்ணும் அவருக்கு வருத்தமில்ல. ஆனா இன்னொரு தடவை அவரால முடியாது. ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அவர்கிட்ட மறைக்காதீங்க."

கரண்டியோடு தங்கை சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள்.

 அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, அட்டையை எடுத்து நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க."

தங்கை வாங்கி, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை எழுத்துக்கூட்டினாள். "பால்... பால் பொருள் செரிக்காதவங்களுக்கு... சாப்பாட்டுக்கு முன்னாடி..." நிமிர்ந்தாள். "ஆன்ட்டி! உங்களுக்குப் பால் ஒத்துக்காதா?"

"ஒரு ஸ்பூன் உள்ள போனா போதும். வயித்துக்குள்ள கச்சேரிதான்."

"அப்போ அப்பாகிட்ட கிரீம் கறின்னா உயிருன்னு சொன்னது?"

"அவர் வீடியோ பாத்துக் கத்துக்கிட்ட ஒரே கறி அதுன்னு சொன்னாரும்மா. சொல்றப்போ அந்த முகத்தைப் பாக்கணும் நீ. எனக்கும் அதுதான் உயிருன்னு வாயில வந்துடுச்சு."

"நேத்து ஸ்டாக் பிரச்சினைன்னு சொன்னீங்களே?"

"அது பொய் இல்ல. ஸ்டாக் இல்லாம போனது இந்த மாத்திரைதான்." அவர் பெருமூச்சு விட்டார். "மருந்துக்கடை வச்சிருக்கேன்னுதான் பேரு. இன்னிக்குக் காலையிலதான் வந்து இறங்குச்சு."

தங்கை வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மூத்தவனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் இன்னொன்றும் உறைத்தது.

"மூணு மாசமா தினம் பால் டீ குடிச்சீங்களே?"

"ஒரு டீக்கு ஒரு மாத்திரை." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் நாள் அவரே வாங்கிட்டு வந்து கையில கொடுத்தாரு தம்பி. வேண்டாம்னு சொன்னா மறுநாள் கூப்பிடாம விட்டுடுவாரோன்னு இருந்துச்சு. கல்யாணமே வேண்டாம்னு இருந்தவ நான். அம்பத்தாறு வயசுல ஒருத்தர் கொண்டுவந்து கொடுக்கற டீயை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

 மூத்தவன் தங்கையிடமிருந்து அட்டையை வாங்கிப் பார்த்தான்.

"இன்னிக்கு எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு."

"அதுல அரை லிட்டர் கிரீம் இருக்கு. இப்போ இன்னும் அரைக் கிண்ணம் சேந்திருக்கு."

"எதுக்கு இன்னும் அரைக் கிண்ணம்?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய், தீய்ந்த அடியைக் காட்டினார்கள். அவர் எட்டிப் பார்த்து, "ஆக இந்த வீட்டுல மறைக்கறதுக்கு எனக்கு மட்டும்தான் விஷயம்னு இல்ல" என்றார்.

மூன்று பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்பாவிடம் எதுவும் சொல்வதில்லை. அந்த அம்மாள் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார், காளானை மட்டும் ஒதுக்கித் தின்பார், மீதியைத் தங்கை தன் தட்டுக்கு இழுத்துக்கொள்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் திட்டம்தான். ஆனால் மூன்று பேர் சேர்ந்தால் பூசணிக்காய் சின்னதாகத்தான் தெரிகிறது.

ஒரு மணிக்கு அப்பா வந்தார். காக்கிச் சட்டை, வியர்வை, கையில் ஒரு கொத்துப் பூ. மருந்துக்கடை பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு நிறுத்தம் தூரம் நடந்தே வந்திருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. கூடத்தில் அந்த அம்மாளைக் கண்டதும் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூத்தவன் கையில் கொடுத்துவிட்டார்.

"எப்போ வந்தீங்க?"

"இப்பத்தான்."

"கறி?" என்று மகனைக் கேட்டார். அந்த ஒரு சொல்லில் ஒரு ராத்திரி முழுவதும் இருந்தது.

"சூடா இருக்குப்பா."

உட்கார்ந்தார்கள். அப்பா யாரையும் பரிமாற விடவில்லை. சோற்றைப் போட்டு, கறியைக் கிளறி, நல்ல காளானாகத் தேடி, அந்த அம்மாளின் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினார். அடுத்து இன்னொன்று. அதற்கும் மேல் இன்னொன்று. சோறு தெரியவில்லை. திட்டத்தில் இந்த மூன்றாவது கரண்டிக்கு இடமே இல்லை.

"சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாளின் வாய்க்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் பிசைந்தார். எடுத்தார். கை வாய்வரைக்கும் போனது.

"சாப்பிடாதீங்க!" என்றான் மூத்தவன்.

அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"என்னடா சொன்னே?" அப்பாவின் குரல் மாறிவிட்டது. "வீட்டுக்கு வந்தவங்களப் பாத்து என்ன சொன்னே?"

"இல்லப்பா... கறி கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன். பெரிய தீயில வச்சேன், திரிஞ்சு அடிபிடிச்சுடுச்சு. இவதான் ஒப்பேத்தி வச்சா. அதை அவங்க சாப்பிட வேண்டாம்."

"நான் அவ்வளவு சொன்னேனேடா."

"சொன்னீங்க. கேட்டுதான் இருந்துச்சு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்கப்பா."

அப்பாவின் கையில் கரண்டி தொங்கியது. கோபம் வருவதற்கு முன் வரும் வலி அவர் முகத்தில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க அந்த அம்மாளால் முடியவில்லை.

"பையனைத் திட்டாதீங்க" என்றார். "எனக்காகத்தான் சொன்னான். எனக்குப் பால் ஒத்துக்காது. கிரீம் ஒத்துக்காது. நீங்க வாங்கிக் கொடுத்த ஒரு டீகூட எனக்கு ஒத்துக்கல. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் குடிச்சேன்."

 அப்பா தட்டைப் பார்த்தார். மூன்று மாத டீயை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பவர் போல நின்றார். பிறகு அந்தத் தட்டை எடுத்துத் தன் இடத்தில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். உள்ளே ஏதோ டப்பா திறக்கும் சத்தம். ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம். பிறகு அமைதி.

தங்கை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

அப்பாவின் தலை மட்டும் கதவு ஓரம் தெரிந்தது.

"முட்டை ஒத்துக்குமா?"

"என்னது?"

"முட்டை. ரெண்டு பொரிச்சுப் போடறேன். அது ஒத்துக்குமா, இல்ல அதுக்கும் ஒரு மாத்திரை இருக்கா?"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒரே வழியில் வந்தன. "ஒத்துக்கும். நல்லா ஒத்துக்கும்" என்றார்.

முட்டை ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வழிந்தது. அந்த அம்மாள் அதை ஒரு துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அப்பா திரிந்த கறியில் கை வைத்து, ஒரு வாய் தின்று, புருவத்தைத் தூக்கினார். "நேத்து ருசி பாத்ததைவிட இது நல்லாருக்கே!" தங்கை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். மூத்தவன் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். பசி திடீரென்று வந்து உட்கார்ந்துகொண்டது. இவர் வந்து இருந்தால்தான் என்ன, என்று முதல்முறையாக அவனுக்குத் தோன்றியது. கூடத்தில் இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்கிறது. பந்தாட்டம் பிடிக்குமா என்று கேட்கக்கூட வாயெடுத்தான்.

அதற்குள் அந்த அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பதில் சொல்றேன்னு சொன்னேனே. எனக்குச் சம்மதம்."

தங்கை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அப்பா சோற்றுக் கையோடு எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார் அந்த அம்மாள். "இருபது வருஷம் சிறுகச் சிறுகச் சேத்துக் கட்டின வீடு என்னோடது. அதை என்னால பூட்டிப் போட முடியாது. நான் இங்க வரல. நீங்கதான் அங்க வரணும்."

சிரிப்பு அடங்கியது. அப்பா அந்த அம்மாளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியில் அவர் கண் மூத்தவனிடம் வந்து நின்றது. அங்கிருந்து நகரவே இல்லை.

"நீ என்னடா சொல்றே?" என்றார் மெல்ல.

மூத்தவனின் வாய் நிறையச் சோறு இருந்தது. விரலை உயர்த்தி, விழுங்கிவிட்டுச் சொல்கிறேன் என்று சைகை காட்டினான். மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவன் மென்றான். அந்த வீட்டில் இதுவரை யாரும் ஒரு வாய்ச் சோற்றை அவ்வளவு நேரம் மென்றதில்லை.